எங்கள் விடியலில் அவற்றின் அந்தி

இங்கே காலை ஆறரை மணி என்றால் கலிபோர்னியாவில் முந்தைய நாள் மாலை ஐந்து மணி. இந்தக் கணக்கை நான் அலுவலக வேலைக்காகக் கற்றுக்கொள்ளவில்லை. லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கிழக்கே, சான் பெர்னார்டினோ மலைத்தொடரில், பிக் பேர் ஏரிக்கருகே ஒரு பைன் மரத்தின் உச்சியில் இருக்கும் கழுகுக்கூட்டை இணையத்தில் கேமரா நேரலையாகப் பார்ப்பதற்காகக் கற்றுக்கொண்டேன். பிப்ரவரி மாதத்தில் நான் காப்பியோடு உட்காரும் நேரம் அங்கே வெயில் சாய்கிற நேரம். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்து மறுபடி திறந்தால் அங்கே பொழுது புலர்ந்துகொண்டிருக்கும். நடுவிலிருக்கும் எங்கள் பகல் முழுவதும் அந்தக் கூட்டுக்கு இரவு. ஆகவே ஒரு நாளில் எனக்குக் கிடைத்தவை இரண்டு துண்டுகள் மட்டுமே: அவற்றின் அந்தியும் விடியலும். குஞ்சுகள் வளர்ந்ததை நான் கண்டது பெரும்பாலும் இந்த இரண்டு துண்டுகளுக்கும் இடையிலிருந்த, நான் பார்க்காத நேரத்தால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கூட்டுக்கு உரியவை ஜாக்கி, ஷேடோ என்று பெயரிடப்பட்ட ஓர் இணை வெண்தலைக் கழுகுகள். தமிழில் இவற்றை 'மொட்டைக் கழுகு' என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று, ஆங்கிலப் பெயரிலுள்ள 'bald' என்ற சொல் பழைய வழக்கில் இங்கே வெண்மையைக் குறித்ததே தவிர வழுக்கையைக் குறிக்கவில்லை. வளர்ந்த பறவைக்குத் தலையும் வாலும் பளிச்சென்ற வெள்ளை, உடம்பு கரும்பழுப்பு, அலகு மஞ்சள். கூடு இருப்பது தரையிலிருந்து ஏறத்தாழ 145 அடி உயரத்தில். பிக் பேர் பள்ளத்தாக்கின் நண்பர்கள் என்ற உள்ளூர்த் தன்னார்வ அமைப்பு 2015இல் அங்கே கேமராவைப் பொருத்தியது. கூட்டையும் ஏரியையும் சேர்த்துக் காட்டும் இரண்டாவது கேமரா 2021இல் வந்தது. சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடும் இவற்றில் அடைகாலத்தில் எது பழுதானாலும் யாரும் மரமேற மாட்டார்கள். படம் உறைந்துபோனால், பறவைகள் கூட்டை விட்டுப் போகும் பருவம்வரை உறைந்ததுதான்.

நான் பார்க்க ஆரம்பித்தது 2024இல். அந்த ஆண்டு ஜனவரியில் ஜாக்கி மூன்று முட்டைகள் இட்டிருந்தாள். பறவையை 'இட்டது' என்று எழுதுவதே முறை என்றாலும், மாதக்கணக்காக முகம் பார்த்தபின் அஃறிணை விகுதி கையில் வர மறுக்கிறது. படிப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில் ஒரு பனிப்புயலின்போது அவள் ஏறத்தாழ 62 மணி நேரம் முட்டைகளைவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தாள். முதுகில் பனி ஏறி, இறுதியில் வெள்ளைத் தலைக்கும் வெள்ளைப் பனிக்கும் வேறுபாடு தெரியாமல் மஞ்சள் அலகு மட்டும் படத்தில் தனியாக நின்றது. அத்தனையும் வீணாயிற்று, மூன்றில் ஒன்றும் பொரியவில்லை.

என் அம்மா இந்தக் கதைக்குள் வந்தது அந்த முட்டைகளால்தான். ஊரில் இருந்த காலத்தில் அவர் இருபது முப்பது கோழிகள் வளர்த்தவர். முழங்கால் வலியால் என்னோடு நகரத்துக்கு வந்தபின் அவருக்கு எந்த உயிரையும் வளர்க்க இடமில்லை. மார்ச் கடைசியில் ஒரு காலை என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தவர், "எத்தனை நாளா அடை?" என்று கேட்டார். மூன்று முட்டைகளுமே ஐம்பத்தைந்து நாளைத் தாண்டிவிட்டன என்றேன். "கூமுட்டைப்பா. பெத்தவளுக்கும் தெரியும். எந்திரிக்க மனசு வரல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பிக் பேரிலிருந்து வந்துகொண்டிருந்த நீண்ட நீண்ட விளக்கங்களில் நான் அதுவரை படித்துத் தெரிந்துகொண்டதைவிட அந்த மூன்று வாக்கியங்களில் அதிகம் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

2025 ஜனவரியில், தை மாதம் ஒன்பதாம் நாளில், அதாவது 22ஆம் தேதி, முதல் முட்டை வந்தது. மூன்று நாள் இடைவெளியில் 25, 28 தேதிகளில் மற்ற இரண்டும் வந்தன. அம்மா மாதக் காலண்டரை எடுத்து அந்தத் தேதிகளைச் சுழித்து வைத்தார். ஊரில் அடைவைத்த நாளைச் சுவரில் கரிக்கோடாக இழுத்து வைக்கும் பழக்கத்தின் தொடர்ச்சி அது. கோழிக்கு இருபத்தொரு நாள், வாத்துக்கு இருபத்தெட்டு நாள் என்பது அவருக்குத் தெரியும்; கழுகுக்கு என்ன என்று கேட்டார். பொதுவாக முப்பத்தைந்து, ஆனால் இந்தக் கூட்டில் அதற்கும் நான்கைந்து நாள் கூடுதலாகும் என்றேன். அப்படியே ஆயிற்று. முதல் முட்டை 40ஆம் நாள் மார்ச் 3 அன்றும், இரண்டாவது 38ஆம் நாள் மார்ச் 4 அன்றும், மூன்றாவது 39ஆம் நாள் மார்ச் 8 அன்றும் பொரிந்தன.

அடைகாலம் என்பது பார்ப்பதற்கு எதுவுமே நடக்காத காலம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. காற்று பைன் ஊசிகளை உரசிக்கொண்டு போகிறது. ஒருமணி நேரத்துக்கொரு தரம் அது எழுந்து, நகங்களை உள்ளே மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டு, முட்டையை அலகால் புரட்டிவிட்டு, வயிற்றில் இறகு உதிர்ந்த வெற்றுத்தோல் முட்டையில் படும்படி இடுப்பை இருபுறமும் அசைத்து மறுபடி அமர்கிறது. ஆணும் முறைவைத்து அமர்கிறது. இரவில் பெரும்பாலும் பெண்தான். ஷேடோவுக்குக் குச்சி கொண்டுவருவதில் தீராத ஆர்வம். கொண்டுவந்த குச்சியை எங்கே வைப்பது என்பதில் இருவருக்கும் நடக்கும் இழுபறியைப் பார்த்து, "எல்லா வீட்லயும் இதேதானா" என்றார் அம்மா. பெண்பறவை ஆணைவிடப் பெரிதாக இருப்பதால் அந்த வழக்கில் தீர்ப்பு எப்போதும் ஒரே பக்கம்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

பொரிந்த முதல் நாளில் ஒரு குஞ்சு நூறு கிராம்கூட இருக்காது. சாம்பல் கலந்த வெண்தூவி, தலையைத் தாங்காத கழுத்து, அலகு நுனியில் ஓட்டை உடைக்கப் பயன்பட்ட சிறிய வெண்பல். அந்தப் பல் கோழிக்குஞ்சுக்கும் உண்டு, சில நாளில் உதிர்ந்துவிடும் என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் கோழிக்குஞ்சோடு ஒப்புமை அத்தோடு முடிந்துவிடுகிறது. கோழிக்குஞ்சு பொரிந்த அன்றே எழுந்து ஓடிக் கொத்தித் தின்னும். இது தள்ளாடித் தள்ளாடி வாயைத் திறந்து, மீன் துணுக்கு இருக்கும் இடத்துக்கு அரையங்குலம் தள்ளிக் கொத்தி, உடன்பிறந்ததன்மேல் விழும். உயிரைக் கிழித்துத் தின்னப் படைக்கப்பட்ட அந்தக் கொக்கி அலகு, நகத்துணுக்கு அளவுள்ள மீன் சதையைப் பிடித்துக்கொண்டு, குஞ்சு சரியாகக் கவ்வும்வரை தலையைச் சாய்த்துக் காத்திருக்கும். அதைத்தான் நான் மற்றெதையும்விட அதிக நேரம் பார்த்தேன்.

மீன் தவிர, ஏரியில் ஏராளமாக இருக்கும் நாமக்கோழிகளும் கூட்டுக்கு வந்தன. நம் குளங்களில் இருப்பதன் அமெரிக்கச் சுற்றம் அது. அதே கறுப்பு உடல், நெற்றியில் அதே வெள்ளை. கண்மாய்க் கரையில் வளர்ந்த அம்மா நாமத்தைக் கண்டதும் அடையாளம் சொல்லிவிட்டார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்தாலே கம்பை எடுத்துக்கொண்டு கத்தியபடி ஓடிவந்து கோழிக்குஞ்சுகளைக் கூடையால் மூடியவர் அவர். "இப்ப நான் எந்தக் கட்சின்னே தெரியல" என்றார்.

மார்ச் 13 அன்று பனிப்புயல் வந்தது. எங்களுக்கு அது 14ஆம் தேதி காலை. கேமராவின் கண்ணாடியில் பனி அப்பி, இடையிடையே தெளியும்போது ஜாக்கி தெரிந்தாள். அவளுக்கடியில் மூன்று குஞ்சுகள் இருந்தன, மூத்தவற்றுக்குப் பத்து நாள், இளையதற்கு ஐந்து நாள். இந்த வயதுதான் சிக்கலானது. குஞ்சுகளுக்குத் தம் உடல்வெப்பத்தைத் தாமே காக்கும் திறன் இரண்டு வாரத்துக்கு மேல், அடர்ந்த இரண்டாம் தூவி முளைத்தபின்தான் வரும். அதுவரை தாய்தந்தையின் வயிறுதான் அடுப்பு. ஆனால் முட்டைக்கு இல்லாத ஒன்று குஞ்சுக்கு உண்டு: பசி. ஊட்ட எழுந்தால் குளிர் நுழையும், எழாவிட்டால் பட்டினி. நான் அலுவலகம் போனேன். கூட்டங்களுக்கு இடையே கைப்பேசியில் திறந்தபோதெல்லாம் அகச்சிவப்பு ஒளியில் ஒரு வெள்ளை மேடு மட்டும் அசையாமல் இருந்தது. இரவு வீட்டுக்கு வந்து பார்த்தபோது அங்கே விடிந்திருந்தது. இரையூட்ட ஜாக்கி எழுந்தாள். இரண்டு தலைகள்தான் மேலே வந்தன.

மூன்றாவது இறந்துவிட்டது என்று பின்னர் உறுதியாயிற்று. அதற்கு மிஸ்டி என்று பெயரிட்டார்கள். ஏன் யாரும் போய்க் காப்பாற்றவில்லை என்ற கேள்வி, கழுகுக்கூடுகளில் கேமரா வைத்த நாள்முதல் இருக்கிறது. எனக்குள்ளும் அன்று எழுந்தது. புயலில் 145 அடி உயரத்துக்கு மனிதன் ஏறினால் தாய் பறந்துவிடும், மற்ற இரண்டும் அந்த நிமிடங்களிலேயே உறைந்துவிடும் என்பது எளிய பதில். ஆனால் பதில் எல்லா இடத்திலும் இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. மின்னசோட்டா மாநில இயற்கைவளத் துறையின் கேமராக் கூட்டில் 2014இல் ஒரு குஞ்சு அசைய முடியாமல் துடித்தது. தலையிடுவதில்லை என்ற கொள்கையில் இருந்த துறை, பார்த்துக்கொண்டிருந்த மக்களின் வற்புறுத்தலால் ஆளை மேலே அனுப்பியது. இறக்கையெலும்பு முறிந்து புரையோடியிருந்ததால் குஞ்சை வலியில்லாமல் சாகவிட வேண்டியதாயிற்று. அதே துறையின் கேமரா பார்த்திருந்த கூடு 2023 ஏப்ரலில் கனத்த பனியின் பாரம் தாங்காமல் கிளை முறிந்து, குஞ்சோடு தரையில் விழுந்தது. இருபதாண்டுக் காலம் குச்சிமேல் குச்சியாகச் சேர்த்த அந்தக் கூட்டின் எடை இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். கட்டியவற்றின் உழைப்பே கிளைக்குப் பாரமானது.

தலையிடாமல் இருப்பதே சரி என்பது என் கருத்து. ஆனால் அதைச் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. எட்டாத தூரத்தில் இருப்பவனுக்குக் கொள்கை மலிவு. எட்டும் தூரத்தில் இருந்திருந்தால் ஏணி தேடியிருப்பேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தப் பறவையின் வரலாற்றில் மனிதன் தலையிடாத காலம் என்று ஒன்று அண்மையில் இருந்ததேயில்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்கா முழுவதும் தெளிக்கப்பட்ட டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி, நீரிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து கழுகுக்கும் ஏறி, முட்டையோட்டைக் காகிதமாக மெலியச் செய்தது. அடையில் அமர்ந்த தாயின் எடையே ஓட்டை நொறுக்கியது. 1963இல் அலாஸ்கா நீங்கலான பெருநிலப்பரப்பில் எண்ணப்பட்ட கூடுகட்டும் இணைகள் 417 மட்டுமே. 1972இல் அந்நாட்டில் டி.டி.டி. தடை செய்யப்பட்டது, 2007இல் இந்தக் கழுகு ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, 2021இல் வெளியான அரசுக் கணக்கு 71,400 இணைகள் என்கிறது. பிக் பேர் இருக்கும் அதே தென்கலிபோர்னியாவின் கடலில், சேனல் தீவுகளில், அரை நூற்றாண்டுக்குப்பின் ஒரு முட்டை மனித உதவியின்றித் தானாகப் பொரிந்தது 2006இல்தான். இதை நான் வாசித்துச் சொன்னபோது அம்மா, "டி.டி.டி.ன்னா மலேரியாக்காரங்க வந்து வீட்டுக்கு வீடு சுவத்துல அடிச்சுட்டு, தேதியையும் எழுதிட்டுப் போவாங்களே, அதா?" என்று கேட்டார். அதுதான். நம் சுவர்களில் அது கொசுவுக்கு எதிரான மருந்து. அங்கே வயல்களிலும் காடுகளிலும் கொட்டியது விஷம். அந்த வெள்ளைப் பொடி எங்கள் கோழிக்கூண்டின்மேலும் படிந்திருக்கும் என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

மீந்த இரண்டும் வளர்ந்தன. இந்த வளர்ச்சியின் வேகத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உச்சத்தில் இருக்கும்போது ஒரே நாளில் 170 கிராம்வரை எடை கூடும் என்று பறவையியல் நூல்கள் சொல்கின்றன. அது ஒரு வாய்ப்பாடு. கண்ணுக்குத் தெரிவது வேறு. மணிக்கணக்காக உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் வளர்வதில்லை. வேலைக்குப் போய்த் திரும்பி வந்து திறந்தால், காலையில் தாயின் வயிற்றுக்கடியில் அடங்கிய குஞ்சின் பின்பாகம் இப்போது வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு மூன்றாம் நாள் பார்த்தபோது, யார் வீட்டுப் பிள்ளைகளோ என்று ஐயம் வந்தது. மூன்றாம் வாரத்தில் வெண்தூவி போய் எலிச்சாம்பல் நிறத்தில் கம்பளித்தூவி. அதே சமயம் கால்களும் அலகும் உடம்பைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தாமாக முன்னே ஓடின; பெரியவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடைபழகும் குழந்தையைப்போல, மஞ்சள் பாதங்களை இடறிக்கொண்டு கூட்டில் நடந்தன. இரை தின்று முடித்தால் தொண்டைக்குக் கீழே தீனிப்பை டென்னிஸ் பந்தாகப் புடைக்கும். அந்தப் பாரத்தாலேயே முகங்குப்புற விழுந்து தூங்கிவிடும்.

பெயர் சூட்டும் பொறுப்பு பிக் பேர் பள்ளிப் பிள்ளைகளுக்கு. உலகெங்கிலுமிருந்து வந்த பெயர்களில் தேர்ந்தெடுத்த சிலவற்றை அவர்கள் வாக்குக்கு விட்டு, சன்னி, கிஸ்மோ என்று முடிவு செய்தார்கள். அம்மா அந்தப் பெயர்களை ஒருபோதும் சொல்லவில்லை. அவருக்குக் கடைசிவரை அவை 'பெருசு', 'சிறுசு'.

ஏப்ரலில் குருத்திறகுகள் முளைத்தன. தூவிக்குள்ளிருந்து கறுப்பு மைக்கோல்களைப்போல வரிசையாக எட்டிப் பார்த்து, நுனி விரிந்து, தூவியைக் கொஞ்சங்கொஞ்சமாக வெளியே தள்ளின. பாதி உரித்த தேங்காய்போல அழகே இல்லாத வாரங்கள் அவை. மே மாதத்தில் முழு இறகும் மூடியபோது இரண்டும் பெற்றோர் அளவுக்கு வந்துவிட்டன, ஆனால் உடல் முழுக்கக் கரும்பழுப்பு, கண்ணும் அலகும் கறுப்பு. வெள்ளைத் தலை வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். முதல் ஆண்டின் சிறகும் வாலும் வளர்ந்த பறவையினுடையவற்றைவிடச் சற்றே நீளமானவை. பறக்கத் தெரியாதவர்க்கு இயற்கை கொஞ்சம் துணி அதிகமாக வைத்துத் தைத்திருக்கிறது. அந்தத் துணியை விரித்துப் பார்க்கும் பயிற்சி நாள் முழுக்க நடந்தது. ஒன்று இறக்கையை அடித்தால் மற்றது கூட்டின் விளிம்பில் ஒண்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவு இடம்தான். காற்று எதிரே வரும்போது இறக்கையை விரித்தால் கால் கூட்டைவிட்டு ஓர் அடி எழும். எழுந்ததும் அதுவே திடுக்கிட்டு மடக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அந்த நேரங்களில் காப்பி ஆறிப்போனது.

இந்த மாதங்களில் பெற்றோர் ஊட்டுவது குறைந்து, மீனைப் போட்டுவிட்டுப் பறந்துவிடுவது கூடியது. இரையின்மேல் இறக்கைகளைக் கூடாரமாக விரித்து மறைத்துக்கொள்ள இளையவை கற்றுக்கொண்டன. ஊட்டவந்த தாயின் அலகிலிருந்து வெடுக்கென்று பிடுங்கின. இரண்டு மாதத்துக்கு முன் அரையங்குலம் தள்ளிக் கொத்தியவை இவைதாம் என்பதை நினைவு வைத்துக்கொள்வது எனக்குக் கடினமாக இருந்தது. ஜாக்கிக்கு அந்தச் சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 2ஆம் தேதி, பொரிந்து தொண்ணூறு நாள் கடந்த நிலையில், சன்னி பறந்தது. அங்கே அப்போது முற்பகல். இங்கே இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது. நூற்றுமுப்பது நாளாகக் காலையும் இரவும் பார்த்துவந்த நான் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் பதிவைத்தான் பார்த்தேன். கிளையில் நின்றது, அடுத்த நொடி கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஐந்து நாள் கழித்து, 7ஆம் தேதி, கிஸ்மோவும் போயிற்று.

அதற்குப் பிறகும் சில வாரம் காலையில் நான் திறந்துவைத்தேன். இளம்பறவைகள் பறந்த கையோடு எங்கும் போய்விடுவதில்லை. வேட்டையாடப் பழகும்வரை பல வாரம் ஏரிப்பக்கமே சுற்றி, பெற்றோரிடம் இரை கேட்டுக் கத்தும். கேமராவுக்கு வெளியே எங்கிருந்தோ அந்தச் சத்தம் வந்தால் அம்மா திரையின் ஓரத்தைப் பார்ப்பார், தலையைச் சாய்த்தால் மறுபக்கம் தெரியும் என்பதுபோல. இரவில் பறக்கும் அணில் ஒன்று கூட்டுக்கு வருவதுண்டு. ஆளில்லாத குச்சிகளுக்கிடையே அது எதையோ தேடித் தின்றுவிட்டுப் போகும்.

ஜூன் முடிவில் ஒருநாள் காலண்டரில் அடுத்த தாளைக் கிழிக்கப் போனபோது, ஜனவரி, மார்ச், ஜூன் தாள்களைக் காணவில்லை என்று கவனித்தேன். அம்மாவிடம் கேட்டேன். அலமாரியில் மடித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

"தையில முட்டை, மாசியில குஞ்சு, வைகாசியில பறந்துருச்சு" என்று விரல்விட்டு எண்ணிவிட்டு, "ஏப்பா, புதுக் காலண்டர் எப்ப குடுப்பான்?" என்று கேட்டார்.